நிபந்தனை அங்கே, நஷ்டம் இங்கே!

வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டுகளின் மீன் கொள்முதல் கொள்கைகள் நம் கரைகளில் என்ன செய்திருக்கின்றன? நம் ஊர் கம்பெனிகள் எப்போது கேள்வி கேட்கப் போகின்றன?

காலை ஏழு மணி. எருத்தேன்பதியில் அந்த ஹாரன் சத்தம் கேட்டதும் வீட்டு வாசல்கள் திறக்கின்றன. பைக்கின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய தெர்மாகோல் பெட்டி. மூடியைத் தூக்கினால் ஐஸ் தூளுக்குள் மத்தி மின்னுகிறது. ஒவ்வொன்றும் அரைச் சாண்கூட இல்லை.

"என்னங்கண்ணா, இத்தனூண்டு இருக்குது?"

"இப்ப இதுதானுங்க்கா வருது. பெருசு வேணும்னா வெல கூடிப்போயிரும்."

"எந்த ஊரு மீனு?"

"பொன்னானிங்க. சில நாளைக்கு நாகப்பட்டினத்து வண்டியும் வரும்."

அரைக் கிலோ நிறுத்துப் போடுகிறார். குழம்புக்கு ஆயிற்று.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் இந்த வறண்ட கிழக்கு மூலையில், தமிழ் பேசும் எல்லைக் கிராமங்களில், கடல் என்பது பெட்டியில் வந்து இறங்குவதுதான். இந்தப் பக்கத்து ஆறுகள் பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலைத் தொடுகின்றன; மீன் அதே திசையிலிருந்து திரும்பி வருகிறது. அன்று வந்த மத்தியைப் பிடித்ததே சட்டப்படி தவறு. கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது. படகில், ஏலத்தில், லாரியில், கமிஷன் கடையில் என்று எத்தனையோ கை மாறியும் அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. கடைசியில் நிற்கும் பைக் வியாபாரியையோ, குழம்பு வைக்கும் அக்காவையோ இதற்குக் குற்றம் சொல்ல முடியாது.

கொச்சியிலும் கொல்லத்திலும் இருக்கும் ஏற்றுமதி கம்பெனிகளின் மேஜைகளில் நிலைமை வேறு. அங்கே மீன் கேட்டு வரும் ஆர்டரோடு பல பக்கப் படிவம் ஒன்றும் வருகிறது. எந்தப் படகு? எந்த வலை? கண்ணி அளவு என்ன? எந்தக் கடல் பகுதி? ஆமை சிக்கியதா? உரித்தவர்களுக்கு என்ன கூலி? எல்லாவற்றுக்கும் பதிலும் சான்றும் இருந்தால்தான் கன்டெய்னர் நகரும்.

மீன் வாங்குகிற இரண்டு பேர். ஒருவர் கேள்வியே கேட்பதில்லை. மற்றவர் கேள்விகளை மட்டும் அனுப்புகிறார், அதற்கான விலையை அனுப்புவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருப்பவர் மீனவர்.

காகிதத்தில் எழுதிய கடல்

கதை 1992-ல் தொடங்குகிறது. கனடாவின் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்து அருகே காட் மீன் ஏறக்குறைய அற்றுப்போய், அரசு மீன்பிடியையே நிறுத்தியது. பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். உலகின் பெரிய உறைமீன் வியாபாரிகளில் ஒன்றாக அப்போது இருந்த யூனிலீவர் நிறுவனத்துக்கு, நாளைக்கு விற்க மீன் இருக்குமா என்ற பயம் வந்தது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.போடு சேர்ந்து அது உருவாக்கியதுதான் எம்.எஸ்.சி. எனப்படும் கடல் பாதுகாப்பு மேற்பார்வைக் குழு. நல்ல முறையில் பிடிக்கப்பட்ட மீன் என்று சொல்லும் நீல முத்திரை அதனுடையது. 2006-ல் வால்மார்ட், வட அமெரிக்கக் கடைகளுக்கு வாங்கும் கடல் மீனையெல்லாம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் இந்தச் சான்று பெற்ற இடங்களிலிருந்தே வாங்குவோம் என்று அறிவித்தது. குறித்த காலத்தில் அது முடியவில்லை. பிறகு, சான்று இல்லாவிட்டாலும் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் மீன்பிடிகளை ஏற்கலாம் என்று தளர்த்திக்கொண்டது. ஆனால் மற்ற பெரிய கடைகளும் அதே வழியில் இறங்கிவிட்டன. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மீன் விற்கும் பெரிய நிறுவனம் எதற்கும் ஒரு கொள்முதல் கொள்கை இருக்கிறது.

வாங்குகிறவர் கடலை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. 1953-ல் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியபோது, உள்ளூர் மீனவரின் வருமானத்தையும் உணவையும் உயர்த்துவதே நோக்கம் என்றார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் இறால் கேட்கத் தொடங்கியதும் திட்டத்தின் திசையே இறாலின் பக்கம் திரும்பியது. இழுவை மடிப் படகுகள் பெருகின. கட்டுமரக்காரரும் வள்ளக்காரரும் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே 1988-ல் மழைக்கால இழுவைமடித் தடை வந்தது. அன்று இறால் கேட்ட அதே நாடுகள் இன்று இறாலை எப்படிப் பிடித்தாய் என்று கேட்கின்றன. கேட்பது சரிதான். ஆனால் இழுவை மடி பெருகியதில் அவர்கள் பங்கும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள்.

பாதியாய்ப் போன காயல்

இந்தியாவில் இந்த நீல முத்திரையை முதலில் பெற்றது ஒரு சிறிய கக்கா. தூத்துக்குடிப் பக்கம் மட்டி என்பார்கள். அஷ்டமுடிக் காயலில் கிடைக்கும் மஞ்சள் கால் கக்காவுக்கு 2014 நவம்பரில் எம்.எஸ்.சி. சான்று கிடைத்தது.

அந்தச் சான்றுக்குப் பின்னால் இருபது வருட உழைப்பு இருந்தது. 1980-களில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியாவிலிருந்து கக்கா கேட்டு ஆட்கள் வந்தார்கள். மீனவர்கள் வாரிக் கொடுத்தார்கள். 1991-ல் வருடத்துக்கு 10,000 டன் என்ற உச்சம். அடுத்த இரண்டே வருடத்தில், 1993-ல், அது பாதியாகச் சரிந்தது. அடிமண்ணைச் சுரண்டி எடுத்தால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சொன்னதை மீனவர்கள் கேட்டார்கள். முட்டையிடும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காயலில் இறங்குவதில்லை என்று முடிவானது. இயந்திரம் வைத்து வாருவதற்குத் தடை. குஞ்சுகள் தப்பிப் போகும்படி வலைக் கண்ணி 30 மில்லிமீட்டர். ஏற்றுமதிக்கும் ஒரு வரம்பு வைத்தார்கள்: ஒரு கிலோ கறியில் 1,400 கக்காவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது பொடிக் கக்காவை எடுத்து வந்தாலும் வாங்க ஆள் இல்லை.

இந்தக் கடைசி விதியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மீனவரைக் கரையில் நின்று காவல் காக்க வேண்டியதில்லை. வாங்குகிற இடத்தில் கதவை மூடினால் போதும். கொள்முதல் கொள்கை உண்மையில் வேலை செய்த இடம் இது.

பெட்டிச் செய்தி
அஷ்டமுடி: ஒரு பார்வை
கொல்லம் மாவட்டம். 2002-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.
கக்கா எடுப்பது, அவித்துக் கறி பிரிப்பது, விற்பது என்று ஏறத்தாழ 3,000 பேருக்குப் பிழைப்பு.
ஆண்கள் வள்ளத்தில் போய் கையாலும் கைவாரியாலும் எடுக்கிறார்கள். அவித்து ஓட்டிலிருந்து கறியைப் பிரிப்பதில் பெண்களின் உழைப்பு பெரிது. ஓடு சுண்ணாம்புக்குப் போகிறது.
சான்றுக்குத் துணை நின்றவை: மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கேரள மீன்வளத் துறை, டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியா.

ஆனால் கதை 2014-ல் முடியவில்லை. காயலுக்குள் விழும் கழிவு நிற்கவில்லை. 2018 வெள்ளம் வந்தது. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலோடு ஒட்டி வந்ததாகக் கருதப்படும் ஒரு அந்நியச் சிப்பி காயலின் அடித்தளத்தில் கொத்துக் கொத்தாகப் பரவி, கக்காவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 10,000 டன்னாக இருந்தது, அண்மை ஆண்டுகளில் ஆயிரம் டன்னுக்கும் கீழே போய்விட்டது என்று ஆராய்ச்சி நிறுவனமே சொல்கிறது. விழிஞ்ஞத்துப் பொரிப்பகத்தில் வளர்த்த 30 லட்சம் கக்காக் குஞ்சுகளைக் காயலில் விட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

கக்கா எடுப்பவர் விதியை மீறியதால் வந்த வீழ்ச்சி இது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூன்று மாதம் பட்டினி கிடந்து காயலைக் காத்தவர் அவர். காயலில் கழிவை விட்டவரிடம் எந்தக் கொள்முதல் கொள்கையும் கேள்வி கேட்கவில்லை. பிடிப்பவரின் ஒழுக்கத்தை மட்டும் அளக்கும் அளவுகோல் பாதி அளவுகோல்தான். சான்றுக்கு ஆயுள் ஐந்து வருடம், ஆண்டுதோறும் தணிக்கை, ஒவ்வொன்றுக்கும் செலவு. மூவாயிரம் ஏழைகள் சேர்ந்தாலும் தாங்க முடியாத தொகை அது. அரசும் தொண்டு நிறுவனமும் தாங்கினால்தான் உண்டு. முத்திரையைப் பார்த்து வாங்குகிற கடை அதில் என்ன பங்கு தருகிறது என்ற கேள்விக்கு எந்தக் கொள்கையிலும் பதில் இல்லை.

ஆமைக்கு ஒரு வாசல்

நிபந்தனை மட்டும் வந்து, விலை வராமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கரிக்கடி இறால் பிடிக்கும் கேரளப் படகுக்காரரிடம் கேட்க வேண்டும்.

1989-ல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. இழுவை மடியில் கடலாமை சிக்கிச் சாகாமல் இருக்க, மடியின் தொண்டைப் பகுதியில் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்த வேண்டும். இறால் கம்பிகளுக்கு இடையே புகுந்து பின்னே போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, மேலேயோ கீழேயோ இருக்கும் திறப்பு வழியாக வெளியேறிவிடும். இதைப் பொருத்தாத நாட்டிலிருந்து கடல் இறால் வாங்க மாட்டோம் என்றது அமெரிக்கா. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998-ல் வந்த தீர்ப்பு, நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. நாடுகளுக்கு இடையே பாரபட்சம் காட்டி அமல்படுத்தியதைத்தான் குறை சொன்னது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டது. சட்டம் நின்றது.

2019 முதல் இந்தியாவின் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடிக் கிடக்கிறது. பண்ணையில் வளர்க்கும் வனாமி இறாலுக்குத் தடை இல்லை. குளத்தில் ஆமை ஏது? ஆகவே ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் இந்த அடி பெரிதாகத் தெரியாது. தெரிவது கொல்லத்திலும் கொச்சியிலும் படகு அணையும் துறைமுகங்களில். அமெரிக்காவுக்கு விற்க வழியில்லை என்பதைத் தெரிந்துகொண்ட மற்ற நாட்டு வியாபாரிகள் விலையை அடித்துக் கேட்கிறார்கள். மழைக்காலத் தடை முடிந்து ஆகஸ்டில் கரிக்கடி குவியும்போது அந்த அடி இன்னும் பலமாக விழுகிறது.

இத்தனைக்கும் தீர்வு நம் கையிலேயே இருந்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைக்கு ஏற்ற ஆமை வெளியேற்றும் கருவியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. அதனால் இறாலில் ஏற்படும் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பது அவர்களின் சோதனை முடிவு. "மீன் வெளியே போயிடும், பெரிய சுறாவும் திருக்கையும் போயிடும்" என்பது படகுக்காரரின் கவலை. அதையும் அலட்சியப்படுத்த முடியாது. டீசலுக்கும் கூலிக்கும் ஆகிற செலவை இறாலோடு வருகிற மற்ற மீன்தானே ஈடுகட்டுகிறது? கருவியைப் பொருத்தினால் கிலோவுக்கு இத்தனை ரூபாய் கூடத் தருகிறோம் என்று அமெரிக்க இறக்குமதியாளர்கள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கவலை எப்போதோ தீர்ந்திருக்கும்.

ஆமையின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைத் தமிழ்நாட்டுக்காரர் மறுக்க முடியாது. 2025 ஜனவரியில் சென்னை முதல் செங்கல்பட்டு வரையிலான கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பிதுங்கிய கண்கள், வீங்கிய கழுத்து. மூச்சு விட மேலே வர முடியாமல் வலைக்குள் செத்ததன் அடையாளம். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்ற விதி இருந்தும் இது நடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா கேட்டதால் ஆமையைக் காப்பாற்ற வேண்டும் என்பது வெட்கக்கேடு. நம் கடற்கரைக்கு முட்டையிட வருகிற உயிர் அது.

உரிக்கும் கைகள்

இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி என்றால் இன்று பெரும்பாலும் இறால்தான்.

பெட்டிச் செய்தி
எண்கள் சொல்வது (2024-25)
மொத்தக் கடல் உணவு ஏற்றுமதி: 16.98 லட்சம் டன். மதிப்பு: 62,408 கோடி ரூபாய்.
அதில் உறைய வைத்த இறால் மட்டும்: 43,334 கோடி ரூபாய்.
மிகப் பெரிய வாடிக்கையாளர்: அமெரிக்கா.
2024-ல் இந்தியக் கடலில் பிடிபட்ட மீன்: சுமார் 34.7 லட்சம் டன்.

2024 மார்ச்சில் கார்ப்பரேட் அக்கவுன்டபிலிட்டி லேப் என்ற அமெரிக்க அமைப்பு, இந்திய இறால் தொழிலில் உழைப்பவர்களின் நிலை குறித்து அறிக்கை வெளியிட்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் ஆந்திராவில் நேரில் விசாரித்து எழுதியது. குறைந்த கூலி, முறையான ஒப்பந்தம் இல்லாத வேலை, பாதுகாப்பில்லாத உரிக்கும் கூடங்கள் என்று குற்றச்சாட்டுகள் நீண்டன. இந்திய ஏற்றுமதியாளர்களும் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் மறுத்தார்கள்.

மறுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இறாலை வாங்கிய கடைகள் ஒவ்வொன்றிடமும் மனித உரிமை பற்றிய அத்தியாயத்தோடு கூடிய கொள்முதல் கொள்கை இருந்தது. பண்ணைக்குச் சான்று, ஆலைக்குச் சான்று, தீவனத்துக்குச் சான்று. அத்தனை சான்றுக்கும் பிறகு அடுத்த வருடம் கடைக்காரர் கேட்பது ஒன்றுதான்: ஈக்வடார் இன்னும் மலிவாகத் தருகிறதே, நீங்கள் குறைப்பீர்களா? ஏற்றுமதியாளர் குறைக்கிறார். அவர் குளத்துக்காரரிடம் குறைக்கிறார். கூலி கடைசியில் குறைகிறது. ஒரே அலுவலகத்தில் ஒரு பிரிவு நெறிமுறை எழுதுகிறது, அடுத்த பிரிவு அந்த நெறிமுறையைக் கடைப்பிடிக்க முடியாத விலையைப் பேசுகிறது. இந்த இரண்டு பிரிவும் ஒரே மேஜையில் உட்காராதவரை எந்தச் சான்றிதழும் உரிக்கும் பெண்ணின் கைக்கு உறை வாங்கித் தராது.

கேரளத்துக்கு இந்த அனுபவம் பழையது. 1997 ஆகஸ்டில் சுகாதாரக் குறைபாட்டைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடல் உணவைத் தடை செய்தது. கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்து ஆலைகளைப் புதுப்பித்தன, தடையும் சில மாதங்களில் தளர்ந்தது. ஆனால் ஆலப்புழை, கொச்சிப் பகுதிகளில் வீட்டுக்கு அருகே இருந்த உரிக்கும் கொட்டகைகளை நம்பியிருந்த பெண்களில் பலருக்கு அந்த வேலை திரும்பவில்லை. சுத்தம் கூடியது நல்லதுதான். அதன் செலவை ஏற்றவர்கள் யார் என்பதுதான் அன்றும் இன்றும் கேள்வி.

இறால் தீவனத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ராமேசுவரத்தில் விசைப்படகு கரை சேர்ந்ததும் இறாலையும் நல்ல மீனையும் பிரித்த பிறகு ஒரு குவியல் மிஞ்சும். சங்காயம் என்பார்கள். பொடி மீன், மீன் குஞ்சு, நண்டுக் குஞ்சு எல்லாம் கலந்தது. அது மீன் தூள் ஆலைக்குப் போகிறது. மீன் தூள் இறால் தீவனமாகிறது. நாளைக்கு வளர்ந்து கிலோவாக நிறுக்க வேண்டிய மீன், இன்று தீவனமாகித் தொலைகிறது. பண்ணை இறால் கடலைத் தொடாதது என்று நினைக்கிற வாடிக்கையாளருக்கு இது தெரிவதில்லை.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம்

இலங்கையின் அனுபவம் கொள்முதல் கொள்கை என்பது எவ்வளவு முரட்டுத்தனமான ஆயுதம் என்று காட்டுகிறது. ஆழ்கடலில் இலங்கையின் பலநாள் படகுகள் விதி மீறுகின்றன என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் அந்நாட்டு மீனுக்குத் தடை விதித்தது. படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தி, சட்டத்தைத் திருத்தி, 2016 ஜூனில்தான் மீண்டார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கரையோரம் சிறு படகில் போகிறவர் ஆழ்கடலைப் பார்த்ததுகூட இல்லை. தண்டனை நாட்டுக் கொடிக்கு என்று வந்தபோது அவருக்கும் சேர்ந்தே வந்தது.

அதே வடக்கில் வேறொரு வழியும் முயற்சிக்கப்பட்டது. அமெரிக்காவுக்குப் போகும் நீலக்கால் நண்டுக்கு, 2013 முதல் இலங்கைக் கடல் உணவு ஏற்றுமதியாளர் சங்கமே முன்வந்து மேம்பாட்டுத் திட்டம் நடத்தியது. மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசி, நண்டின் அளவு, வலையின் கண்ணி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தப் பார்த்தார்கள். செலவின் ஒரு பகுதியை வாங்குகிறவர் ஏற்ற முயற்சி இது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆனால் அந்த மீனவரின் வலையை இரவில் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் நம் பக்கத்து இழுவைப் படகு. இலங்கை 2017-ல் அடிமட்ட இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே ஆண்டில் இந்திய அரசு, பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய், மூன்று வருடத்தில் 2,000 படகுகள் என்பது இலக்கு. அந்த இலக்கு எட்டிப் பிடிக்க முடியாத தூரத்திலேயே நின்றுவிட்டது. படகு கொடுத்தால் போதுமா? அதில் வருகிற சூரையை நல்ல விலைக்கு, பல வருடத்துக்கு, எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடும் ஆள் வேண்டாமா? மாலத்தீவில் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சூரைக்கு பிரிட்டிஷ் சூப்பர் மார்க்கெட்டுகள் அப்படி நின்றன. 2012-ல் அந்த மீன்பிடிக்கு எம்.எஸ்.சி. சான்றும் கிடைத்தது. நம் லட்சத்தீவிலும் அதே தூண்டில்தான், அதே சூரைதான். அங்கே பிடிக்கும் மீனுக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் இன்னும் நிலைக்கவில்லை.

நம் ஊர் கம்பெனிகள் எங்கே?

இவ்வளவு நேரம் வெளிநாட்டைப் பற்றிப் பேசினோம். இந்தியக் கடலில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு நம் தட்டுக்குத்தான் வருகிறது. ஓட்டல் சங்கிலிகள், ஆன்லைன் மீன் கடைகள், ஐ.டி. கம்பெனி கேன்டீன்கள், ஆஸ்பத்திரிகள், கல்யாண சமையல் கான்ட்ராக்டர்கள் என்று மொத்தமாக வாங்குகிறவர்கள் இங்கேயும் பெருகிவிட்டார்கள். அவர்களின் கேள்வி ஒன்றே ஒன்று: ஃப்ரெஷ்ஷா?

அந்தக் கேள்வியும் சும்மா வரவில்லை. 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் சோதனை நடத்தியபோது, இதே பாலக்காடு மாவட்டத்தின் வாளையாறு சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த இறால் லோடு பிடிபட்டது. மீன் மேல் தேய்த்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் காகிதத் துண்டை மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அந்த வருடம்தான் கொண்டுவந்திருந்தது. அன்று முதல் எல்லைப் பகுதி மக்களுக்கு மீன் பயம் என்றால் ஃபார்மலின் பயம். ரசாயனம் இல்லாத மீன் வேண்டும் என்று கேட்டோம். அந்தக் கேள்விக்கு அரசும் வியாபாரியும் பதில் சொல்லத் தொடங்கினார்கள். நாம் கேட்டால் மாறும் என்பதற்கு அது சாட்சி.

அளவைப் பற்றியும் கேட்டால் என்ன? கேரளம் 2015-ல் மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவை நிர்ணயித்த முதல் மாநிலம். 14 இனங்களில் தொடங்கிப் பிறகு 58 இனங்கள் வரை விரிவாக்கியது. மத்திக்கு 10, அயிலைக்கு 14, கிளிமீனுக்கு 12 சென்டிமீட்டர். பலன் கண்கூடு. இந்த விதியால் கிளிமீன் பிடிப்பு 41 சதவீதம் கூடியது என்பது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. குஞ்சை விட்டால் மீன் கூடும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை. மத்தியின் கதையோ எச்சரிக்கை. கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்ட மத்தி, 2021-ல் வெறும் 3,297 டன்னாகக் குறைந்தது. அதில் கடலின் வெப்பத்துக்கும் பங்குண்டு. மீண்டு வரும் நேரத்தில் பொடி மத்தியை வாரிக் கொட்டினால் அடுத்த சரிவை நாமே அழைக்கிறோம்.

ஆகவே கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மீன் வாங்கும் ஒரு ஓட்டல் சங்கிலிக்குக் கொள்முதல் கொள்கை எழுத லண்டனிலிருந்து ஆலோசகர் வர வேண்டியதில்லை. விதி ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. 'குறைந்தபட்ச அளவுக்குக் கீழே உள்ள மீனைத் திருப்பி அனுப்புவோம்' என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஸ்கேல் ஒன்று போதும் சரிபார்க்க.

பங்குச் சந்தையில் பதிவான முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபிக்குச் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும். அதில் ஒரு கேள்வி: நீடித்த முறையில் கொள்முதல் செய்ய நடைமுறை உண்டா? ஆம் என்றால், மூலப்பொருளில் எத்தனை சதவீதம்? நிறுவனங்கள் ஒரு எண்ணை எழுதுகின்றன. எந்த மீன், எந்த வலை, எந்தக் கரை, மீனவருக்குக் கொடுத்தது எவ்வளவு என்று சொல்ல அந்தக் கட்டத்தில் இடமில்லை. செபி அந்தக் கட்டத்தை விரிவாக்க வேண்டும். ஓட்டல், உணவு, தீவன கம்பெனிகளுக்காவது தனியாகக் கேட்க வேண்டும்.

விலையோடு வரட்டும் கேள்வி

இந்தச் சான்றிதழ்கள் தொடங்கிய காலத்திலேயே கேரளத்துப் பொருளாதார அறிஞர் ஜான் குரியன் போன்றவர்கள், சிறு மீனவரை மையமாகக் கொண்ட சர்வதேச அமைப்பான ஐ.சி.எஸ்.எஃப்.பின் 'சமுத்ரா' இதழில் எச்சரித்தார்கள். ஒரு வலையில் பல இன மீன் விழும் நம் வெப்பக் கடலுக்கும், ஒரே இனத்தை ஒரே கம்பெனி பிடிக்கும் வட கடலுக்கும் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் அது பழையதாகவில்லை. தரவு இல்லாவிட்டால், வாங்கக் கூடாத மீன் என்று சிவப்புப் பட்டியலில் போடுவது பல வாங்குகிறவர்களின் வழக்கம். ஆனால் தரவு எடுத்துப் பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை: 2022-ல் ஆய்வு செய்த 135 மீன் வளங்களில் 91 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கண்டது. சிறு மீனவரின் கடலைப் பற்றிய தரவை எடுக்க ஆகும் செலவை, அந்தத் தரவு இல்லாமல் வாங்க மாட்டேன் என்பவர் கொடுக்கட்டும்.

கேரளத்தில் ஆழ்கடல் இறால், கணவாய் போன்றவற்றுக்கு ஏற்றுமதியாளர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து மேம்பாட்டுத் திட்டங்களை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவை முத்திரை வாங்குவதோடு நிற்கக் கூடாது. ஆமைக் கருவி பொருத்திய படகின் இறாலுக்குத் தனி விலை, தடைக்காலத்தில் முன்பணம், குறைந்தது மூன்று வருட ஒப்பந்தம், தணிக்கைச் செலவு வாங்குகிறவர் பொறுப்பு. இவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திடாத எந்தக் கொள்முதல் கொள்கையையும் மீனவர் சங்கங்கள் ஏற்கத் தேவையில்லை. கேரளத்தின் 2021 மீன் ஏலச் சட்டம் தரகரின் கமிஷனுக்கு 5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. தரகருக்கு வரம்பு வைக்க முடிந்த அரசால், மொத்தமாக வாங்கும் கம்பெனிக்கும் நிபந்தனை வைக்க முடியும். அரசு ஆஸ்பத்திரி, விடுதி, கேன்டீன்களுக்கு வாங்கும் மீனில் அதைத் தொடங்கலாம். மத்ஸ்யஃபெட் போன்ற கூட்டுறவுகள் நேரடியாகக் கரையில் வாங்கி நடமாடும் வண்டிகளில் விற்கின்றன. அந்த வண்டிகள் அளவு பார்த்து வாங்கினால், அது மற்றவர்களுக்கு முன்மாதிரி ஆகும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மீன் வாங்கும்போது எந்தத் துறைமுகம் என்று கேளுங்கள். பொடி மத்தி, பொடி அயிலை வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் அலுவலக கேன்டீனிலும் நீங்கள் சாப்பிடும் ஓட்டலிலும் எந்த அளவு மீன் வாங்குகிறார்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கொடுக்கிற விலையில் எவ்வளவு கரைக்குப் போகிறது என்ற கேள்வியையும் அதே கடிதத்தில் சேருங்கள்.